அப்பாவின் முன்வரிசை நாற்காலி

கோயம்புத்தூர்
1936 ஜூன் மாதம்

என் கண்ணு கனகத்துக்கு அம்மா ஆசையாய் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, சீம்பால் காய்ச்சும்போதெல்லாம் உன் நினைப்புத்தான்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து முகமே சரியில்லை என்று போன தபாலில் எழுதியிருந்தேன் அல்லவா, சலாம் வைக்க ஆளில்லாமல் மனுஷர் பாதியாய் இளைத்துவிட்டார், கடைவீதிக்குப் போனால்கூட யார் வணங்கினார்கள் யார் வணங்கவில்லை என்பதே பேச்சு. இப்போது நடந்ததைக் கேள். துடியலூரில் அவருடைய சிநேகிதர் அந்தோணிராஜ் வீட்டுக் கல்யாணம். கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய்ப் போய்ப் பந்தலில் முன்வரிசைப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அண்ணன் வந்து, "மாமா, மில்லு மேனேஜர் வந்துட்டாருங்க, நீங்க செத்த நேரம் அந்தப் பெஞ்சுல உக்காருங்க" என்றான். அவ்வளவுதான், அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. பெண்கள் பக்கம் வந்து, "ஏம்புள்ள, எந்திரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார். இத்தனை வருஷமும் அவர் கோபித்து எழுந்த இடத்திலெல்லாம் நானும் வாய்பேசாமல் எழுந்தவள்தான். அன்றைக்கு என்னவோ எனக்குக் கால் எழவில்லை. "நீங்க போங்க, நான் சாப்பிட்டுப்போட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பந்தியில் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் ரோட்டில் நின்று கை காட்டியிருக்கிறார், ஆள் நிரம்பி வந்த பஸ் நிற்காமலே போய்விட்டதாம். வயிற்றிலோ பசி. யார் கண்ணிலும் படாமல் வரலாம் என்று சமையல் பந்தல் வழியாய் உள்ளே நுழைந்திருக்கிறார். அங்கே பரிமாற ஆள் போதாமல் அந்தோணிராஜ் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார், அவருக்கு நாற்காலி சங்கதியே தெரியாது. இவரைக் கண்டதும் "நல்ல வேளைங்க, நம்ம ஆளு வந்தீங்க, இதைப் புடிங்க" என்று பாயச வாளியைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டார்.

நான் தலைநிமிர்ந்து பார்த்தால் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உங்கப்பா வரிசையில் வருகிறார்! மில் மேனேஜருக்கும் பாயசம் ஊற்றினார், இன்னுங் கொஞ்சம் என்று கேட்ட குழந்தைகளுக்கு இரண்டு கரண்டி. என் இலைக்கு வந்ததும் முகத்தை ரொம்பப் பவ்யமாய் வைத்துக்கொண்டு, "அம்மணிக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றாரே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர்கூட எனக்கு எடுத்துக் கொடுத்தறியாத மனுஷர்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து அவரும் வயிறாரச் சாப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம், அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. "இத்தனை வருசம் எத்தனை ரயிலை அனுப்பிச்சிருப்பேன், ஒருத்தனாச்சும் இன்னுங் கொஞ்சம் வேணும்னு கேட்டிருப்பானா?" என்றார்.

அங்கே மழை என்கிறார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரத்தலையோடு பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடாதே. இரண்டு பேரும் நூறாண்டு நன்றாய் இருங்கள். பதில் போட மறக்காதே.

உன் அம்மா
ஞானம்மாள்