நாற்காலி இருபத்தைந்து அங்குலம்

பிப்ரவரி 3, 2025

பனி விலகியதும் ஜன்னலில் மலை தெரிந்தது. வடக்கனந்தலிலிருந்து கல்வராயன் மலை கூப்பிடு தூரம்தான். கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. கொத்தனாராக இருந்தபோதும் வேலைக்குத்தான் போயிருக்கிறேன். சும்மா போனதே கிடையாது.

எழில் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "ஒரு நாள் மேல தங்கிட்டு வரலாமா மாமா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான். சரி என்றேன்.

பிப்ரவரி 5

எழில் பேனாவை என் கையோடு பட்டை போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று கொஞ்சம் எழுதலாம்.

போன அன்றே திரும்ப முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் எனக்குப் புண் வந்துவிடும். படுக்க வேண்டும், எழில் புரட்டிப் போட வேண்டும். காலைக்கடனுக்கே ஒரு மணி நேரம். ஆகவே ஒரு கட்டில், வீல் சேர் நுழைகிற ஒரு பாத்ரூம். கேட்பது அவ்வளவுதான். நாலு இடத்துக்குப் போன் போட்டேன்.

"வைத்தியத்துக்கு வர்றீங்களா? வேண்டுதலா?"

"இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்கத்தான்."

போனை வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9

மலைக்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு நாள் தங்கிப் பார்ப்போம் என்றாள் எழில். தெரிந்த வேன்காரர் தமிழழகன் கூட்டிப்போனார். லிஃப்ட் இருக்கிறது என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். இருந்தது. ஆறு படிக்கு மேலே.

"தூக்கிடலாம் சார்" என்று வாட்ச்மேனும் இன்னொரு ஆளும் என்னைக் கேட்காமலே அக்குளில் கை கொடுத்தார்கள். வேட்டி நழுவியது. எதிர்க் கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மேலே போனால் பாத்ரூம் வாசலில் நாற்காலி முட்டி நின்றுவிட்டது.

எழில் மேனேஜரிடம் சண்டைக்குப் போனாள். "போன்ல இன்னா சொன்னீங்க? எல்லா வசதியும் கீதுன்னீங்களே."

"லிஃப்ட் கீதும்மா."

வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

பிப்ரவரி 10

எழுத மனசில்லை. எனக்கு இன்னாத்துக்கு இந்த ஆசை?

பிப்ரவரி 12

நானே எத்தனை பாத்ரூமுக்கு இரண்டடி அகலத்தில் கதவு நிலை வைத்திருப்பேன்? அறுபது? எழுபது? "ரெண்டடி போதும், ஆளுதான போவப் போறான்" என்று சொல்லிச் சொல்லியே வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மேனேஜர்மேல் இருந்த கோபம் குறைந்தது. முழுக்க இல்லை.

இனி வசதி இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை. எத்தனை இன்ச் என்று கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 16

வெள்ளிமலையில் ராணியம்மாள் என்று ஒருவர் நாலு ரூம் வாடகைக்கு விடுகிறார். பாத்ரூம் வாசலை அளந்து சொல்லச் சொன்னேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தால், தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இருபத்தி நாலுங்க. பத்துமா?"

"கதவு தொறந்து நின்னா எவ்ளோங்க?"

"இருங்க... இருபத்தி ரெண்டரை. கம்மியாப் பூடுச்சே. நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க."

இப்படி யாரும் கேட்டதில்லை. யோசித்தேன். என் நாற்காலி இருபத்தைந்து. கதவையே கழற்றிவிட்டால் வாசல் முழுசாக இருபத்து நாலு கிடைக்கும். சக்கரத்துக்கு வெளியே கையால் தள்ள ஒரு வளையம் இருக்கிறது. என் விரல்கள் அதைப் பிடித்ததே இல்லை, தள்ளுவது எழில்தான். இரண்டு வளையத்தையும் கழற்றினால் நாற்காலி இருபத்து மூன்று. ஒரு அங்குலம் மிச்சம்.

"கதவ எடுத்துட்டு ஸ்கிரீன் மாட்டிடுங்க."

"மாட்டிட்டாப் போச்சு."

வாசல் படி ஒரு அடி உயரமாம். பன்னிரண்டடி நீளத்துக்குச் சரிவாக மண் கொட்டி இறுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 22, வெள்ளிமலை

சரிவு ஏழடிதான் இருந்தது. மண் பத்தவில்லையாம். எழிலும் தமிழழகனும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள்.

பாத்ரூம் வாசலில் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம். உள்ளே போய்விட்டேன். எழில் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். வெந்நீரில் நிதானமாகக் குளித்தேன். வெளியாள் கை ஒன்றுகூட என்மேல் படவில்லை.

சாயங்காலம் வெளியே உட்கார்ந்தோம். மேகம் ரோட்டுவரை இறங்கி வந்தது. "குளுருதா மாமா?" என்றாள் எழில். தோளுக்குக் கீழே எனக்குக் குளிர் தெரியாது, முகத்தில் மட்டும்தான். முகத்துக்கு வேண்டிய குளிர் இருந்தது.

பிப்ரவரி 24

இன்னொரு நாளும் இருந்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 8

ராணியம்மாள் போன் செய்தார். வாசலில் படியே இல்லாமல் புதிதாக ஒரு ரூம் கட்டுகிறாராம், வீல் சேரில் வருகிறவர்களுக்கு.

"இருசப்பன் தம்பி, நீங்க வந்து நின்னு கட்டிக் குடுங்க."

"நான் எங்கம்மா நிக்கறது?"

"உக்காந்துகினே சொல்லுங்க. செய்ய ஆள் கீது."

எழில் எனக்கு முன்னாலேயே தலையாட்டிவிட்டாள்.

ஜூன் 12, வெள்ளிமலை

இங்கே வேலை செய்கிற கொத்தனார் வீரமணி. நேற்று நான் படுத்திருந்த நேரத்தில் பாத்ரூமுக்கு இரண்டரை அடி நிலையை நிறுத்திவிட்டார். காலையில் கழற்றச் சொன்னேன்.

"சிமெண்ட் புடிச்சிடுச்சே."

"புடிச்சா இன்னா? எல்லார் சேரும் என்னுது அளவே இருக்காது. மூணடி வேணும்."

வீரமணி நிலையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார். மத்தியானத்துக்குள் மூன்றடி நிலை நின்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். நேராக இருந்தது.

நாலு மணிக்கு டீ வந்தது. "மொதல்ல கொத்தனாருக்குக் குடு" என்று ராணியம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். சித்தாள் செல்லியம்மாள் டம்ளரை வீரமணியிடம் நீட்டினாள்.

"எனக்கில்ல. அங்க" என்று அவர் என் பக்கம் கை காட்டினார்.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை ஜாஸ்தி. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.