லாரிகளுக்குப் போன மெசேஜ்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மகிமா, ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? போன் பண்ணினால் "ம், இருக்கேன்" என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் லாரிகளுக்கு எங்கள் ஆபீஸில் சாஃப்ட்வேர் செய்கிறோம். இப்போது புரோகிராம் எழுதுவது ஏஐ. அது எடுத்துப் பயன்படுத்தும் கருவி ஒவ்வொன்றும் எதற்கு என்று அதற்குப் புரியும்படி எழுதிவைப்பது என் வேலை. போன வாரம் ஒரு கூத்து. ஒரு கருவிக்கு "டிரைவருக்கு மெசேஜ் அனுப்பும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். நிஜ டிரைவர்களுக்கே போகும், சோதனைக்குத் தொடாதே என்று எழுதவில்லை. ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே! ஏஐ தன் புரோகிராமைச் சோதிக்க, "லோடு ரெடி, வாங்க" என்று அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டது. மத்தியானம் ரோடு முழுக்க லாரி. பக்கத்து சீட் ஷாலு சிரித்தாள்: "இன்னா மகிமா, நீ எழுதலன்னா அதுக்கு எப்டி தெரியும்? அது இன்னா ஜோசியமா பாக்குது?"

திட்டு கொஞ்சம்தான், கவலைப்படாதீர்கள். எல்லாக் கருவிக்கும் எப்போது எடுக்கலாம், எப்போது கூடாது என்று முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது.

ஊரிலிருந்து யாராவது வந்தால் என் பழைய தலையணையைக் கொடுத்துவிடுங்கள்.

அப்பா, பதிலில் சுகம் என்று முடித்துவிடாதீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொன்னார்கள்; அது நடக்கும்போதா, படுக்கும்போதா? மாத்திரை போடுகிறீர்களா? எழுதினால்தானே எனக்குத் தெரியும்.

ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். மேலே நான் சுகம் என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு ரூமுக்கு வந்தால், திங்கள் காலை வரை எனக்குப் பேச ஒரு ஆள் இல்லை.

மகிமா