என் பாகத்தை எழுதத் தெரியாதவளுக்கு

இன்று காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு கல்லூரிப் பெண், பஸ் நிற்பதற்குள் ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தாள். ஒரு கைக்குட்டைக்கு ரெண்டு சீட்டா என்று ஓர் அம்மா சண்டைக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. நீ போய்விட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்ன நாளிலிருந்து அழாமல் இருந்தவள், எங்கள் ஊர் பரளச்சிக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவில் அழுதேன்.

உன்னிடம் கைக்குட்டையெல்லாம் செல்லாது. திருச்சுழியில் உன் அப்பா கடையில் தோளில் போட்டிருக்கும் சிவப்புத் துண்டு ஒன்றைப் புத்தகப் பையில் வைத்திருப்பாய். உங்கள் ஊர் பஸ் எங்கள் ஊர் பஸ்ஸுக்கு முந்தியே அருப்புக்கோட்டை வந்துவிடும். நான் இறங்கி ஓடி வரும்போது கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் துண்டு கிடக்கும். "கைக்குட்டையின்னா தூக்கி வீசிட்டு உக்காந்துக்குவாக. ஆம்பளத் துண்டுன்னாத்தான் ஒரு பயம் இருக்கும்" என்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் கல்லூரியில் யூனிக்ஸ் என்பது ஏ.சி. அறைக்குள் இருந்த ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து வயர் இழுத்து வரிசையாகத் திரையும் கீபோர்டும் மட்டும் கொண்ட டெர்மினல்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நாம் இருவரும் ஜோடி. எந்த ஊரில் ஏறி, எங்கே பஸ் மாறினால், எப்போது போய்ச் சேரலாம் என்று சொல்கிற புரோகிராம். பஸ் நேரங்களை உள்ளே ஏற்றுவது உன் பாகம், வழி தேடிச் சொல்வது என் பாகம். லேப் சார் நமக்குப் பொதுவாக, ஃபைல்களை வைத்துக்கொள்ள ஒரு டைரக்டரி போட்டு, நாம் இருவர் மட்டும் திறக்கும்படி பெர்மிஷன் கொடுத்தார்.

பொது என்றால் என்ன பாடு என்பது முதல் வாரமே தெரிந்தது. ஒரே ஃபைலை நீ ஒரு டெர்மினலில் திறந்தாய், நான் இன்னொன்றில் திறந்தேன். முதலில் நீ சேவ் செய்தாய். பிறகு நான் செய்தேன். என்னுடையது மட்டும் மிஞ்சியது, காலையிலிருந்து நீ அடித்ததெல்லாம் காலி. "ஏடி, துண்டு கெடக்குற எடத்துல வந்து உக்காந்துட்டியேடி!" என்று நீ போட்ட சத்தத்தில் லேப் சாரே எழுந்து நின்றுவிட்டார்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாய். பொது ஃபைலைத் தொடுமுன் ‘துண்டு’ என்ற பெயரில் வெறும் ஃபைல் ஒன்றைப் போட வேண்டும், வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அது கிடக்கிறவரை மற்றவள் கைவைக்கக் கூடாது. ஒருநாள் நான் எடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டேன். எடுத்துப் போட உனக்கும் பெர்மிஷன் இருந்தது. ஆனாலும் மறுநாள் நான் வரும்வரை நீ தொடவில்லை. உலகம் பூராவும் யூனிக்ஸில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று லேப் சார் ஆச்சரியப்பட்டபோது, "எங்க பஸ் ஸ்டாண்டுல இது எப்பவோ இருக்கு சார்" என்றாய். சார் அதற்குப் பிறகு உன்னிடம் வாயே கொடுக்கவில்லை.

மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரத்தில் என் அம்மா வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். "படிச்சது போதும்த்தா, வீட்டப் பாரு" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, நான் எங்கள் மிளகாய்க் காட்டில் பழம் எடுத்துக்கொண்டிருந்தேன். இனிக் கல்லூரி கிடையாது என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் நீ எங்கள் வாசலில் வந்து நின்றாய். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் நேரே அப்பாவிடம் போனாய்.

"அப்பா, இவ பாகம் இல்லாம எங்க புராஜெக்ட்டு ஓடாது. இவ வரலைன்னா நானும் பெயிலுதான்."

"நீயும் படிச்ச பிள்ளதான தாயி. அதையும் சேத்து நீயே எழுதிப்புட்டா என்ன?"

"எனக்கு அது எழுத வராதுப்பா" என்று சொல்லி அழுதாய். வகுப்பில் யாரிடமும் எதற்கும் அழாத நீ, எங்கள் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாய்.

அப்பா உள்ளே பார்த்து அம்மாவிடம் சொன்னார்: "அடுத்த வீட்டுப் பிள்ள படிப்பு நம்மளால கெடக் கூடாது. ஒன் தங்கச்சிய வரச் சொல்லுவோம், ஒன்னப் பாத்துக்கிருவா. இவ போகட்டும்." எனக்காக இறங்காத மனுஷர் உனக்காக இறங்கிவிட்டாரே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

என் பாகத்தை நானே முட்டி மோதி எழுதினேன். நடுவில் மாட்டிக்கொண்டு உன்னைக் கேட்டால், "எனக்குத்தான் வராதுன்னு ஒங்க அப்பாட்டயே சொல்லிட்டேனே" என்று திரும்பிக்கொள்வாய். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பரளச்சியிலிருந்து விருதுநகர் போக வழி கேட்டார். அருப்புக்கோட்டையில் மாறச் சொன்னது புரோகிராம். எப்படித் தேடுகிறது என்று என்னைக் குடைந்தார். ஒவ்வொரு வரியும் என் கை பட்டது, தடுமாறாமல் சொன்னேன்.

ரிசல்ட் வந்தபிறகு லேப்பில் நம் கணக்கை மூடப் போனோமே, அன்றுதான் உன் சொந்த டைரக்டரியைத் திறந்து காட்டினாய். என் பாகம் முழுசாக அதில் இருந்தது. நீ எழுதியது. என்னுடையதைவிடச் சின்னதாக, வேகமாக ஓடியது. தேதியைப் பார்த்தேன், நீ பரளச்சிக்கு வந்ததற்கு முந்தின வாரம்.

"அப்ப எதுக்குடி எங்க அப்பாட்ட அப்படி அழுத?"

"இத வச்சு நான் பாஸாகிப் போயிருவேன். நீ என்ன செய்வ? காலம் பூராவும் பழம் எடுப்பியா?"

சொல்லிக்கொண்டே அந்த ஃபைலை அழித்தாய். யூனிக்ஸில் அழித்தால் திரும்பி வராது. "இனிமே ஒன்னோடதுதான் இருக்கு" என்று எழுந்து செருப்பை மாட்டப் போய்விட்டாய்.

மதுரையில் இன்றும் புரோகிராம் எழுதித்தான் சம்பாதிக்கிறேன். என்கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டுக் கஷ்டம் என்று லீவில் போனால், அவர்கள் பாகத்தை யாரையும் தொடவிடுவதில்லை. நீதான் வந்து முடிக்கணும் என்று போன் போட்டுச் சொல்லிவிடுவேன். கல்நெஞ்சுக்காரி என்று என் முதுகுக்குப் பின்னால் பேச்சு. உன்னிடம் கற்றதை உன்னளவு சாமர்த்தியமாகச் செய்ய எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நீ கொடுத்த வாழ்க்கையைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் நேரில் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கேலி பண்ணுவாய் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் உன் சாவைச் சொன்னேன். இத்தனை வருடமாக வருகிற போகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிவந்ததையே இன்றும் சொன்னார்: "பாவம். அன்னைக்கு அந்தப் பிள்ள படிப்ப நாமதான காப்பாத்துனோம்."

இதுவரை நான் மறுத்ததில்லை. இன்று மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டயே பொய் சொல்லிருக்கா."

"ஆமாப்பா."

"அப்ப, அன்னைக்கு அவ அழுதது?"

"அது நெசந்தாம்ப்பா" என்றேன். "எனக்காக அழுதா."