இரண்டு அறைக்கும் ஒரே பச்சை

அன்பு மகன் நோயலுக்கு, ராயபுரத்திலிருந்து அம்மா எழுதுவது.

கன்னியம்மா உள்ளே இருக்கும்போதே முதல் குளிர் அறையைப் பூட்டிவிட்டேன். பூட்டியது என் கைதான். அவள் பிழைத்துவிட்டாள். இதை முதலில் மனசில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி.

உன் அக்கா கிறிஸ்டினா செய்தி அனுப்பியதிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. டப்ளினில் அறையைச் சாத்திக்கொண்டு பயந்துபோய்க் கிடப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கையால் எழுதுகிறேன். அவள் இதைப் படமெடுத்து உன் மெயிலுக்கு அனுப்புவாள்.

அன்று மதியம் சரக்கு ஏற்ற வண்டி வருகிறதென்று இறால் பெட்டிகளைப் பிரிக்கக் கன்னியம்மா முதல் அறைக்குள் போனாள். போகும்போது நீ செய்துகொடுத்த ஐபேடில் முதல் கட்டத்தைத் தொட்டாள், சிவப்பானது. சிவப்பென்றால் ஆள் உள்ளே, பச்சையென்றால் காலி. பிறகு உன் வால்டர் மாமா, தன் கட்டமும் சிவப்பாகவே இருந்ததால் தொடாமல், இரண்டாவது அறைக்குள் போனான். வேலை முடிந்து வெளியே வந்து தன் கட்டத்தைத் தொட்டான். நான் பார்க்கும்போது இரண்டு கட்டமும் பச்சை. இறால் திருட்டுப் போவதால் வெளியே பூட்டுப் போடுகிறோம் அல்லவா, போட்டேன். கன்னியம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாள் என்று வால்டரிடம் சொல்லிவிட்டு டீ குடித்தேன்.

ஐபேட் வருவதற்கு முன் நம் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சும்மாடு தொங்கும் கதவில் யாரும் கை வைக்கமாட்டார்கள். இறால் வாங்கப் பெரிய பார்ட்டிகள் வந்து போகிற இடத்தில் அழுக்குத் துணி எதற்கென்று நான்தான் நிறுத்தினேன். அன்றைக்கு அவள் சும்மாடு தராசின் மேல் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்து வால்டர் அதைத் தூக்கிக் காட்டி, "இன்னாக்கா, வூட்டுக்குப் போய்ட்ச்சினு சொல்ற, சும்மாடு இங்கியே கீது" என்றான்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன்தான் பிடுங்கித் திறந்தான்.

பெட்டிகள் மேல் ஏறி, காலைக் கோணிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். "நா தட்டிக்கினேதான்க்கா இருந்தேன். மோட்டாரு சத்தத்துல உனுக்கு எப்டிக் கேக்கும்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். இப்போது மோட்டார் ஓடினாலே அதற்குள் யாரோ தட்டுவது போல இருக்கிறது. காலி அறை என்று தெரிந்தும் போய்த் திறந்து பார்க்கிறேன்.

அவள் கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருக்கிறது. பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நீ வீட்டில் விட்டுப்போன மேக்கில் உன் புரோகிராம் இருந்தது. காலடிப்பேட்டையில் ஐபோன் புரோகிராம் எழுதும் தவ்ஃபீக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அப்ஜெக்டிவ்-சியில் எழுதியிருக்கிறாய் என்றார். அறை என்று ஒரு வகுப்பு செய்து, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று வைத்துக்கொள்ளும் மாறியை அதன் அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தால் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக ஒன்று உண்டாகியிருக்குமாம். நீ அதே இடத்தில், ஆனால் அடைப்புக்கு வெளியே வைத்துவிட்டாய். பார்வைக்கு அறையுடையது போலவே இருக்கும், கம்ப்யூட்டரும் தப்பென்று சொல்லாது. ஆனால் எத்தனை அறை கட்டினாலும் மாறி ஒன்றுதான், எல்லா அறைக்கும் பொது. வால்டர் தன் அறை காலி என்று தொட்டதும் கன்னியம்மாவின் அறையும் காலியாகிவிட்டது. இது பலரும் செய்கிற தப்பு, தானும் செய்திருப்பதாக அவர் சொன்னார். ஒரே அறை இருந்தவரை நன்றாகத்தான் ஓடியது. இரண்டாவது அறை கட்டிய அன்றைக்கே இந்த ஆபத்து வந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை.

நம் ஐபேடை எடுத்து வைத்துவிட்டேன். என் பயம் அதில்லை. நீ இதையே எண்ணூர் தாவூது பாய்க்கும் திருவொற்றியூர் சுப்பராயனுக்கும் கொடுத்திருக்கிறாய். பாய் நான் சொன்ன உடனே நிறுத்திவிட்டார். சுப்பராயனிடம் மூன்று அறை. கன்னியம்மா தெருப் பெண்கள்தான் அங்கே வேலை செய்கிறார்கள், அவள் சொல்லித்தான் சேர்ந்தார்கள். நேரில் போய்ச் சொன்னேன். "உன் வூட்ல ஒருத்தி மாட்டிக்கினா என் கடைய நான் மூடணுமா? நல்லா கீதே உன் யாவாரம்" என்று சிரிக்கிறான். விலையில் அவனோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள் நான், நான் சொன்னால் நம்புவானா? செய்தவனே சொல்லட்டும் என்கிறான். வால்டர் அவன் கதவருகே போய் நின்று, பூட்டும்போதெல்லாம் உள்ளே குரல் கொடுத்துப் பார்க்கிறான். இனிமேல் உள்ளே விடமாட்டேன் என்று சுப்பராயன் சொல்லிவிட்டான்.

நோயல், நீ வேண்டுமென்று செய்யவில்லை. வழக்கு வருமோ, வேலை போகுமோ என்று நீ நினைப்பாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அங்கே இன்னொருத்தி தட்டி, அவன் காதிலும் விழாமல் போனால், அதன் பிறகு நீ எந்த ஊரில் இருந்தும் பயனில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

கன்னியம்மாவோடு பேசி முடித்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி செலவும், கை தேறும்வரை சம்பளமும் என்னுடையது. நம் கதவில் இனிப் பூட்டு கிடையாது, கொக்கியில் சும்மாடு தொங்கும். அவள் போலீஸுக்குப் போகமாட்டாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: இந்தக் கடிதம் பார்த்த உடனே நீ சுப்பராயனைக் கூப்பிட்டு, தப்பு உன்னுடையது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். உனக்காக நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
வியாகுலம்மாள்