போர்ட் என்றால் சுமப்பது

பெரிய காஞ்சிபுரம்
23-4-1967, ஞாயிறு, பகல் பதினொன்றே கால்.
மனப்பாடம் செய்த வேர்ச்சொற்கள் 212. இன்டர்வியூவில் வாயிலிருந்து வந்த ஆங்கில வார்த்தைகள் 3.

அன்புள்ள அந்தோணிக்கு,

நலம். ரூர்கேலாவில் உன் நலம் அறிய ஆவல். சுற்றி வளைக்கவில்லை: எனக்கு வேலை கிடைக்கவில்லை. நேற்று ‘தேர்வாகவில்லை’ என்று அட்டை வந்தது. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூனில் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். உன் உருக்குத் தொழிற்சாலையில் நானும் சேரும் பேச்சு இதோடு சரி.

நீ அனுப்பிய ஆங்கில வேர்ச்சொல் புத்தகத்தில் குற்றமில்லை. என்னைப் போல டிப்ளமோ படித்தவனுக்கு ஏற்ற முறைதான். மெஷினைக் கழற்றுவது போல வார்த்தையைக் கழற்றலாம். போர்ட் என்றால் சுமப்பது. எக்ஸ் சேர்த்தால் வெளியே, இம் சேர்த்தால் உள்ளே, ட்ரான்ஸ் சேர்த்தால் இடம்விட்டு இடம். நான் தறியில் உட்கார்ந்து சொல்ல, என் மனைவி அம்சா ராட்டினத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் எரிந்து விழுவேன். ஒரு நாள், “எலெக்‌ஷன்ல சப்போர்ட்டு சப்போர்ட்டுன்னு கத்திக்கினு போறாங்களே, அது இன்னா?” என்று கேட்டாள். கீழேயிருந்து சுமப்பது என்றேன். “அப்ப அது நான்தான்னு சொல்லு” என்றாள்.

மெட்ராஸில் மூன்று அதிகாரிகள். உன்னைப் பற்றி, உன் ஊரைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நான் மனசுக்குள் கழற்றிக்கொண்டிருந்தேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். “மை ஃபாதர் வீவிங்” என்றேன். போகலாம் என்றார்கள்.

உனக்குத் தறி தெரியாது, சொல்கிறேன். பாவு, அதாவது நெடுக்கு நூல், நெய்து முடிந்ததும் சேலையை அறுக்கும்போது, தறியில் கோத்திருக்கும் நூலில் ஒரு முழம் விட்டு வைப்போம். அதுதான் வால். புதுப் பாவின் இழைகளை அதோடு முறுக்கிப் பிணைத்தால் வேலை சுலபம். வால் இல்லாவிட்டால் நாலாயிரத்துச் சொச்சம் இழைகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் வாலை ஒட்ட அறுத்தெறிந்தேன். “வேல கைக்கு வரட்டும்பா, வால வுட்டு வை” என்று அப்பா சொன்னார். இனி இந்த வீட்டில் எவன் நெய்யப்போகிறான் என்று கத்தினேன். அவர் மறுநாளிலிருந்து அடுத்த தெருவில் ஒருவருடைய தறிக்குப் போகிறார். எங்கள் தறி வெறும் கட்டையாக நிற்கிறது.

நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வயசிலிருந்தே ஆங்கிலம் பேசினவன். உனக்கு வால் இருந்தது, புத்தகத்தைப் பிணைத்துக்கொண்டாய். எனக்கு எதில் பிணைப்பது?

அம்சா, இனி எதற்கு என்று ராட்டினத்தைப் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். ரூர்கேலாவில் குளிருமா, கம்பளி வாங்க வேண்டுமா என்று தினமும் கேட்கிறாள். இப்போதுகூட அடுப்படியில், “ட்ரான்ஸ்னா இடம்விட்டு இடம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் வராதே. குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருமா என்று அம்சா உன்னைக் கேட்பாள். உன் வேலையாவது நிலைக்கட்டும். நன்றாக இரு.

இப்படிக்கு,
கை. துரைக்கண்ணு

இனிச் செய்யப்போவது:

1. இதைத் தபாலில் போடுவேன். புத்தகத்தைத் தனிப் பார்சலாக அனுப்புவேன்.
2. தில்லையம்மாளிடம் ராட்டினத்தைத் திரும்பக் கேட்பேன். ஏன் என்று கேட்பாள். சொல்வேன்.
3. அதற்கு முன்னால் அம்சாவிடம் அட்டையைக் கொடுப்பேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.
4. புதுப் பாவு வந்ததும் தறியில் உட்காருவேன். ஒருவனாகக் கோக்க முடியாது; எதிரே முகத்துக்கு முகம் உட்கார்ந்து ஒருவர் இழை எடுத்துத் தர வேண்டும். அவளைக் கூப்பிடுவேன்.