சாரக்கோட்டுத் துவக்கு

2006 ஒக்டோபர் 14, சனி

சாப்பாடு முடிந்ததும் இவர் என்னைக் கணினிக்கு முன்னால் கூப்பிட்டு ஒரு வேட்டைத் துவக்கைக் காட்டினார். கேட்டபடி செய்து இணையத்தில் விற்கிறார்களாம். பிடியில் பச்சையும் செம்மஞ்சளுமாக, இவர் வீட்டில் உடுத்துகிற சாரத்தில் இருக்கிற மாதிரிக் கோடு. பக்கத்தில் செதுக்கியிருப்பது மானாம். எனக்குக் கழுதையாகத்தான் தெரிந்தது. அந்த விலைக்கு நல்லதொரு பழைய காரே வாங்கலாம்.

துறைமுகத்தில் இவரோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர்கள் வருடா வருடம் வேட்டைக்குப் போகும்போது இவரையும் கூட்டிப்போவார்கள்.

"அவங்கள் சுட, நான் கறி காய்ச்சிறன். இந்த முறை நானும் சுடப் போறன்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? மான் உந்தத் துவக்கைக் கண்டால் சிரிச்சே செத்துப்போகும். குண்டு தேவையில்லை," என்றேன்.

"உனக்கு இதின்ர அருமை விளங்காது," என்று அந்தக் கழுதையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அந்த நேரம் மேல்வீட்டில் ஏதோ படாரென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கதிரையில் ஆளைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"செருப்பைத் தேடினனான்," என்றார்.

இரண்டும் காலில்தான் இருந்தன.