கவிழ்த்து வைத்த கூடை

ஹட்டன்,
சனிக்கிழமை, மாலை.

அன்புள்ள ராணிக்கு,

"அக்கா, சுனைக்காரங்க இப்ப திருந்திட்டாங்களாமே, நெசந்தானா?" என்று போன வெள்ளிக்கிழமை போனில் கேட்டாய். ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்வதற்குள் உன் மேடம் கூப்பிட்டுவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். வட்டவளை பிரியந்தி லீவு முடிந்து திங்கட்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புவேன். எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நீ அழுகிறாயா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு மாதமாக மழை. துணி காய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை முடிந்து, உயிரியல் விடைத்தாள்கள் மேசையில் கிடக்கின்றன. தனுஷிகா நன்றாக இருக்கிறாள். நான்கு மாதமாக வலிப்பு வரவில்லை. காலை, மாலை இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறாள். நீ அனுப்பிய பச்சைச் சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கம். இருபது வயதாகிறது, ராணி. நீ மனதில் வைத்திருக்கும் அளவு பழையது.

அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. சுனைக்காரர்கள் வட்டவளைக்கு மேலே உள்ள மண்டபத்தில் ஒருநாள் விரதம் வைக்கிறார்கள். அதற்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெற்றவள் நீ. என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டாய். முடிவைச் சொல்வதற்கு முன் உனக்கும் எனக்கும் தெரிந்த சிலவற்றைத் திரும்ப எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் நாம் இருவரும் இதைப் பற்றி ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசியதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அந்தச் சுனைச் சங்கத்தை நல்லமுத்து ஐயா நடத்தினார். சுனைத் தண்ணீர் குடித்தால் போதும், மருந்து குடிப்பது அவநம்பிக்கை என்றார். மண்டபத்தின் முன்னால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பிரம்புக் கூடை ஒன்று இருக்கும். வருகிறவர்கள் மாத்திரையையும் மருந்து விவரம் எழுதிய கிளினிக் கொப்பியையும் அதில் போட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள். கூடை நிறைந்ததும் ஆற்றில் கொட்டினார்கள். இரண்டு தோட்டங்களில் மூன்று பேர் செத்தார்கள். உன் வீட்டுக்காரர் ஜெயகாந்தன் மூன்றாவது ஆள். சர்க்கரை ஏறி, கால் அழுகி, நாற்பத்தொரு வயதில் போனார். பொலிஸ் வந்தது. யாரும் பறிக்கவில்லை, அவரவர் கையால்தான் போட்டோம் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

அவருடைய கொப்பியைக் கூடையில் போட்டது யார் என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வருடம் நான் உங்கள் லயத்துக்கு இரண்டே தடவைதான் வந்தேன். இரண்டாவது தடவை அவருடைய காலைப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கத்தியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது.

இப்போது சங்கத்தை நடத்துவது ஐயாவின் அக்கா மகன் கஜேந்திரன். ஐயா செத்து ஐந்து வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தேர்த் திருவிழா அன்று கோயில் திடலில் ஊரே கூடியிருந்தபோது கஜேந்திரன் மைக்கை வாங்கி, இறந்த மூன்று பேரின் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். ஜெயகாந்தன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது என்றார்கள். நான் நேரில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மைக் முன்னால் யாருக்கும் குரல் உடையும்.

அதனால் நானே போய்ப் பார்த்தேன். இந்த மாதம் மூன்று தடவை, சொல்லாமல். முதல் நாள் வாசலில் அழகம்மா அக்காதான் எதிரே வந்தார். உங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா வீட்டுக்காரர், இப்போது தோட்ட வேலையை விட்டுவிட்டார். "என்னா டீச்சர், எங்களுக்கெல்லாம் பேப்பர் திருத்த வந்தீங்களா? பாத்துப் போடுங்க, பாவம் பாஸாகிட்டுப் போறோம்" என்று சிரித்தார். உள்ளே ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்து வரிசையாக எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் கொட்டை எழுத்தில் பலகை: "மருந்தை நிறுத்தாதீர்கள்". தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கூடையும் இருக்கிறது. அதே இடத்தில். ஆனால் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், இனிமேல் இதில் எதுவும் விழாது என்பதற்காக. ஏன் வைத்திருக்கிறீர்கள், எரித்துவிட வேண்டியதுதானே என்று கஜேந்திரனிடம் கேட்டேன். "எரிச்சா மறந்துருவாங்க டீச்சர். கவுத்து வச்சாத்தான் நாங்க செஞ்சது தெனமும் கண்ணுல படும்" என்றான். நல்ல பதில். நல்ல பதில்களைக் கேட்டால் எனக்குப் பயம் வருகிறது. மாறிவிட்டீர்களா என்று நேராகவே கேட்டேன். "ஆமான்னு சொன்னா நம்பவா போறீங்க? எந்த நாளும் வாங்க. சொல்லாம வாங்க" என்றான்.

இரண்டாம் தடவையும் அப்படியேதான் இருந்தது. மூன்றாம் தடவை ஒன்றைக் கவனித்தேன். உள்ளே வரும் பெண்கள் கவிழ்ந்த கூடைக்குப் பக்கத்தில் குனிந்து, அதன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கவிழ்த்து வைத்த கூடையை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று அழகம்மா அக்காவிடம் கேட்டேன். "பழக்கந்தான் டீச்சர். நீங்க பஸ்ஸு போறப்ப கோயிலைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்க மாட்டீங்களா?" என்றார். நான் போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

தனுஷிகா ஏன் அங்கே ஒட்டிக்கொண்டாள் என்பது உனக்குத் தெரியவேண்டும். போன வருடம் ஹட்டன் பஸ்ஸில் அவளுக்கு வலிப்பு வந்தபோது யாரோ கையில் சாவிக் கொத்தைத் திணித்தார்கள், யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். மூன்று வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு சங்கத்தின் பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனாள்; ஒருநாள் அங்கேயும் அதேபோல வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பார்த்து, எழுந்ததும் தேத்தண்ணி கொடுத்து, "சரி மிஸ், பாட்ட முடிங்க" என்றார்களாம். அவள் இதை என்னிடம் சொன்ன விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்த அத்தனை உயிரியலாலும் அவளுக்கு அதைக் கொடுக்க முடியவில்லை.

நானும் கூட வருகிறேன் என்றேன். "வேணாம் பெரியம்மா, நீங்க வந்தா சாமியவே நிக்க வச்சுக் கேள்வி கேப்பீங்க" என்றாள்.

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். ஒரு வாரமாக அவள் குளிக்கப் போகும்போது பையைத் திறந்து மாத்திரை அட்டையை எண்ணுகிறேன். ஒருநாளும் பிசகில்லை. இன்று மாலையும் எண்ணினேன். சரியாக இருக்கிறது.

போகச் சொல்லிவிட்டேன், ராணி. விரதத்தில் தண்ணீரும் பழமும் உண்டு, மாத்திரையைக் கட்டாயம் போட வேண்டும் என்று கஜேந்திரனே எனக்குப் போன் செய்து சொன்னான். ஆனாலும் விடைத்தாள்களில் ஒரே தாளை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன்.

இதை இன்றைக்கு ஒட்டவில்லை. நாளை அவள் வீடு திரும்பியதும் இரண்டு வரி சேர்த்து ஒட்டுகிறேன்.


ஞாயிற்றுக்கிழமை, மாலை.
ஆஸ்பத்திரி.

ராணி, முதலில் இதைப் படி. உன் மகள் நன்றாக இருக்கிறாள். வார்டில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறாள். இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனாள். பத்து நாற்பதுக்குக் கஜேந்திரன் போன் செய்தான். பஜனை நடக்கும்போது வலிப்பு வந்து, நினைவு திரும்பாமலே இரண்டாவதும் வந்திருக்கிறது. பஜனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றி இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது ஊசி போட்டு வலிப்பு நின்றிருந்தது. பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார். காலையில் என்ன சட்டை போட்டுப் போனாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. கொப்பியைத் தேடினேன். அவள் பையில் கொப்பியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

பையையே பார்த்துக்கொண்டு நின்ற கஜேந்திரன் வெளியே போனான். ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ஒரு கோதுமை மாப் பையோடு வந்தான். வராந்தா வாங்குப் பலகையில் அதைக் கொட்டினான். மாத்திரை அட்டைகள், மூடி பிரித்த தைலப் போத்தல், இழுப்பு நோய்க்காரர் மருந்து உறிஞ்சும் குழாய் ஒன்று, கிளினிக் கொப்பிகள் ஒன்பது. எல்லாம் கூடைக்கு அடியில் இருந்தவை. கும்பிடக் குனிகிறவர்கள் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அப்படிப் போடும்படி பலகையை எழுதியவன் சொல்லவில்லை, நர்ஸ் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. ஒரு கொப்பியில் அழகம்மா அக்காவின் பெயர் இருந்தது. நான் மூன்று தடவை அந்தக் கூடைக்கு முன்னால் நின்றேன். தூக்கிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது டீச்சர், சத்தியமா தெரியாது" என்றான். கொப்பிகளை அடுக்கிக்கொண்டே, "தெரியாதுன்னு சொல்லவே பயமா இருக்கு" என்றான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாதா என்று நீ கேட்பாய்; எனக்கும் அதே கேள்விதான். கொப்பிகளை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டான். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு லயம் லயமாகத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான். மழை கொட்டுகிறது. மாலை ஆறு மணிக்கு, "ஏழு வீடு முடிஞ்சது, அழகம்மா வாங்க மாட்டேங்குது" என்று போன் செய்தான். இதோ, நானே போய் அவர் வாசலில் நிற்கப் போகிறேன். வாங்கும்வரை நிற்பேன்.

தனுஷிகாவின் கொப்பியும் அந்தக் குவியலில்தான் இருந்தது. அதற்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஆறு மாத்திரைகள். வியாழன் மாலை முதல் இன்று காலை வரை. ஒவ்வொரு வேளையும் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறாள், விழுங்கவில்லை. என் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

நாலு மணிக்குத் தெளிந்தாள். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றேன். யாராவது சொன்னார்களா, ஏன் செய்தாய் என்று கேட்டேன். "யாரும் சொல்லல பெரியம்மா. நேர்த்திக்கடன் வச்சா எதையாவது விட்டுக்குடுக்கணும்ல. எங்கிட்ட வேற என்னா இருக்கு?" என்றாள். இந்த முறை நான் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பயந்துவிட்டாள்.

மாலை மாத்திரையை நர்ஸ் கொடுத்தபோது, விழுங்கிவிட்டு, "எண்ண வேணாம், பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

பிரியந்தி விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிறாள். கடவுள் இருந்தால் உன்னைக் காக்கட்டும், இல்லாவிட்டால் நீயே உன்னைப் பார்த்துக்கொள். ஆறு மாத்திரைகளையும் நான் வைத்துக்கொண்டேன். அவற்றைச் சுற்றியிருந்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவது போல் பெரிய எழுத்தில் இரண்டே சொல்தான். "அம்மா வரணும்."

உன் அக்கா.